எங்களுக்குக் கீழே இருந்த பக்கம்

என் வேலை என்ன என்பதை, மலையாள தேசத்தில் தமிழர்களாகிய நாங்கள் குடியிருக்கும் வலியசாலையில், யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. நெட்டில் எதையாவது தேடினால் எக்கச்சக்கமான பக்கங்கள் வருகின்றன. எதை முதலில் காட்டுவது என்று முடிவுசெய்ய, தேடும் இயந்திரம் ஒரு வழி வைத்திருக்கிறது. எந்தப் பக்கத்துக்கு மற்ற தளங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன என்று பார்க்கும். நல்ல பேருள்ள நாலு தளங்கள் கைகாட்டினால் அந்தப் பக்கம் மேலே ஏறும். யாரும் கைகாட்டாதது கீழேயே கிடக்கும். அந்த லிங்குகளைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கித் தருவதுதான் என் பிழைப்பு. பல் டாக்டர்களுக்காகக் கெஞ்சியிருக்கிறேன், தரை ஓடு விற்பவர்களுக்காகக் கெஞ்சியிருக்கிறேன், நாய் ஷாம்புவுக்காகக்கூட கெஞ்சியிருக்கிறேன்.

"பிச்சை எடுக்கறதுக்கும் ஒரு லேப்டாப்பாக்கும்!" என்பாள் அக்கா. அவள் வீட்டின் பின்கட்டில்தான் நான் இருக்கிறேன். அவளுக்குக் குழந்தைகள் இல்லை, எனக்குக் கல்யாணம் இல்லை. அக்காவும் அத்திம்பேரும் நானும் என்று மூன்று பேராக இருந்தோம்.

அத்திம்பேர் சாலை பஜாரில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்து மறுபடியும் குளிக்கப் போவார். என்னைச் சில நாள் என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு மழைக்கால முற்பகலில், சவரம் செய்துகொண்டு வருகிறேன் என்று தெருமுனைக் கடைக்குப் புறப்பட்டார். எத்தனையோ வருஷமாகப் போகிற கடை என்பதால் யாரும் கூடப் போகவில்லை. அவர் அங்கே போகவே இல்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு கேமராவில் அவர் முதுகு தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்குள் போனார், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிகள், கோயில் மண்டபங்கள், ரயில்வே பிளாட்பாரங்கள் என்று அலைந்தோம். அக்கா அழவில்லை. வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுவதை நிறுத்தினாள். இரண்டு வேளையும் அவருக்கு இலை போட்டு, ஆறிய பிறகு எடுத்தாள். சொல்லப்போனால் கோபமாகத்தான் இருந்தாள். "வழி தெரியலைன்னா யார்கிட்டயாவது கேக்க வேண்டாமா? வாயில்லாத மனுஷனா?" என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

எனக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். அவருக்கு ஒரு பக்கம் செய்தேன். எங்கேயோ ஒருவர் அவரைப் பார்ப்பார், யாரென்று அறிய நெட்டில் தேடுவார், தேடும்போது முதலில் நாங்கள் வர வேண்டும். அதுதான் கணக்கு. படம் அக்கா தேர்ந்தெடுத்தது: மழமழவென்று சவரம் செய்த முகம், விபூதி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மலையாளத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் விவரம் எழுதினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டாள்.

"மலையாளம் நன்னாப் பேசுவார்னு எழுது. அதை முதல்ல எழுது. இல்லேன்னா ஏதோ பாண்டி, தமிழ்நாட்டுலேர்ந்து வந்தவர்னு நெனச்சுப்பா, கேட்டியா."

எழுதினேன். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, சாலை பஜாரில் மலையாளத்திலேயே சண்டை போட்டு வாழ்ந்த மனுஷன். அதை எழுதாமல் இருப்பது எனக்கும் அவமானமாகத்தான் பட்டது.

பிறகு என் வழக்கமான கெஞ்சல். கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், அவர் படித்த பள்ளியின் பழைய மாணவர்கள், சமையல் குறிப்பு எழுதும் ஒரு பெண், பொன்முடிக்குப் போகிற பயணிகளுக்காகத் தளம் நடத்தும் ஒருவர் என்று எல்லோருக்கும் கடிதம் போட்டேன். நாய் ஷாம்புவுக்கு முகம் திருப்பியவர்கள்கூட இதற்கு லிங்க் கொடுத்தார்கள். மனிதர்கள் நல்லவர்கள்தான் என்று அந்த வாரங்களில் நினைத்தேன்.

ஒவ்வொரு நாள் காலையும் ஒரு அட்டவணையைத் திறந்து பார்ப்பேன். எந்தச் சொல்லைத் தேடினால் நாங்கள் எத்தனையாவது இடத்தில் வருகிறோம், எங்களுக்கு மேலேயும் கீழேயும் யார் இருக்கிறார்கள் என்று அது காட்டும். பக்கங்களின் விலாசம் மட்டும் இருக்கும், உள்ளே என்ன என்று இருக்காது. எங்கள் தொழிலில் உள்ளே என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. மேலே இருப்பவன் எதிராளி, அவ்வளவுதான்.

அக்காவுக்கும் இது பிடித்துக்கொண்டது. ஜுரம் எவ்வளவு என்று கேட்பதுபோல, காபியைக் கொண்டுவந்து வைக்கும்போதே கேட்பாள்.

"எடீ, இன்னிக்கு எத்தனாவது?"

"ஏழு."

"நேத்திக்கும் ஏழுதானே சொன்னே?"

'தமிழ் பேசும் வயோதிகர்' என்று மலையாளத்தில் தேடினால் ஒரு பக்கம் எங்களுக்கு மேலே ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றது. விலாசத்தில் வெறும் எண்கள். அதற்கு வெளியிலிருந்து ஒரு லிங்க்கூட இல்லை. யாரும் கைகாட்டாத அனாதைப் பக்கம், அது எப்படி எனக்கு மேலே நிற்கலாம்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னும் நாலு பேரைப் பிடித்தேன், அந்தச் சொற்களையே போட்டு லிங்க் கொடுக்கச் சொன்னேன். ஒரு காலையில் அதைத் தாண்டிவிட்டோம். அடுத்த வாரம் அது இரண்டாம் திரைக்குப் போய்விட்டது. அங்கே யாரும் போய்ப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கம் முதலிடத்துக்கு வந்தது.

"ஃபர்ஸ்ட்!" என்று நான் கத்தியதும் அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அவர் போனதிலிருந்து அன்றுதான் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

முதலிடத்துக்கு வந்ததும் போன்கள் வந்தன. அவர் வடக்கே இருக்கிறார் என்று ஒரு ஜோசியர். எங்கள் பக்கத்துக்கு நல்ல மதிப்பு இருக்கிறது, அதிலிருந்து தன் மெத்தைக் கடைக்கு ஒரு லிங்க் தர முடியுமா என்று ஒருவன். என் தொழில்காரன். அவனை நான் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிறகு ஒரு பெண் கூப்பிட்டாள். பொன்முடிக்குப் போகிற வழியில், வித்துரா பக்கத்தில் ஆதரவற்றவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு விடுதியில் வேலை செய்கிறவள்.

"சேச்சி, நெட்டில் ஒரு சாரின்டெ படம் கண்டு. ஆளெ கிட்டியோ?"

இன்னும் கிடைக்கவில்லை என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

"இவிடெ ஆயிருந்நு, சேச்சி. மரிச்சு போயி."

அங்கேதான் இருந்தாராம், இறந்தும் போய்விட்டாராம். மழையில் நனைந்து வித்துரா சந்தையில் உட்கார்ந்திருந்தவரை யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை. பேசியதெல்லாம் தமிழ்தான், மலையாளத்தில் கேட்டால் விழித்திருக்கிறார். எத்தனையோ வருஷத்து மலையாளம் அவரைவிட்டு ஒட்டுமொத்தமாகப் போய்விட்டிருந்தது. தமிழ்நாட்டுக்காரர் என்று முடிவுகட்டி, அங்கே உள்ள போலீஸுக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தை அவள் முன்பே ஒரு தடவை பார்த்தாளாம். மலையாளம் நன்றாகப் பேசுவார் என்று முதல் வரியிலேயே இருந்ததால் இவர் இல்லை என்று மூடிவிட்டாளாம். நெஞ்சில் சளி கட்டி அவர் இறந்த பிறகு, யாராவது வருவார்கள் என்று பார்த்து, கடைசியில் அவர்களே தகனத்தையும் முடித்துவிட்டார்கள். மறுபடியும் எங்கள் பக்கம் கண்ணில் பட்டபோதுதான், தாடி இல்லாத அந்த முகத்தின் காதுகளை அவள் அடையாளம் கண்டிருக்கிறாள்.

"ஞங்ஙளும் நெட்டில் இட்டிருந்நு, சேச்சி. ஆரும் விளிச்சில்லா."

அவர்களும் நெட்டில் போட்டிருந்தார்களாம், யாரும் கூப்பிடவில்லையாம். அந்தப் பக்கத்தின் விலாசத்தை அனுப்பினாள். திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. வெறும் எண்கள். நாங்கள் கீழே தள்ளிய அதே பக்கம்.

திறந்தேன். 'தமிழ் பேசும் வயோதிகர். தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்.' வெள்ளைத் தாடி, யாருடையதோ கட்டம் போட்ட சட்டை. கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவரை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டோம். அதே சொற்களைப் போட்டு நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரைத் தேடியிருந்தால் போதும். கீழே இருந்ததைத் திறந்து பார்த்திருந்தால் போதும். எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் அது தோன்றியிருக்காது என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அக்கா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"இன்னிக்கும் ஃபர்ஸ்ட்தானே?"

எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவள் அடுப்பை அணைத்தாள். போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அழவில்லை.

வித்துராவுக்குப் போய் அஸ்தியை வாங்கி வந்தோம். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டது ஒன்றுதான்: சாப்பிட்டாரா? சாப்பிட்டார், கஞ்சி கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார் என்றாள் அவள். காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அக்கா காபியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவா போட்டாளே, அந்தப் பேஜ். அது இன்னிக்கு எத்தனாவது?"

எங்கள் பக்கத்திலிருந்து அதற்கு நான் ஒரு லிங்க் கொடுத்திருந்தேன். அதற்கு வெளியிலிருந்து வந்த ஒரே லிங்க் அதுதான். பார்த்துச் சொன்னேன்.

"ரெண்டாவது, அக்கா."

"மேலே யாரு?"

"நம்மதான்."

"எடுத்துடு," என்றாள்.

வெள்ளைச் சட்டையும் விபூதியும் மலையாளம் நன்றாகப் பேசுவார் என்ற வரியும், எல்லாவற்றையும் எடுத்தேன்; அவர்கள் பக்கத்துக்குப் போகிற அந்த ஒரு லிங்கை மட்டும் விட்டுவைத்தேன். சில நாட்கள் கழித்து ஒரு காலையில் நானாகவே போய் அவளிடம் சொன்னேன், அவர் இப்போது முதலில் வருகிறார் என்று. அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அன்றைக்குத்தான் அழுதாள்.