ரத்தினம் அண்ணையின் உயரம்

லண்டனில் ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதன் படம் வந்துவிடுகிறது. கவுன்சில்காரர் விளக்குக் கம்பத்தில் அறிவித்தல் கட்டுவார்கள்; விரும்பாதவர்கள் ஆட்சேபனை எழுதலாம். யாழ்ப்பாணத்தில் பக்கத்து வளவில் மாடி எழும்பிய பிறகுதான் எங்களுக்குச் செய்தியே தெரியவரும். அதனால் வந்த புதிதில் இது எனக்கு விநோதமாக இருந்தது. இப்போது அந்தப் படங்களுக்காகத் தெருக்களைக் கமெராவில் எடுப்பதுதான் என் வேலை. வரப்போகும் கட்டடத்தை அலுவலகத்தில் கணினியில் பொருத்துவார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன், கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் ஒரு சிறிய தெரு. எதிரே ஒன்பது மாடி வரவிருந்தது. "ஹியூமன் ஸ்கேல்" வேண்டும், அளவுக்குப் படத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும் என்றார் மேலாளர். உண்மையான அளவு தெரியவேண்டுமாக்கும் என்று, கட்டடம் வரும் இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி எடுத்துக் கொடுத்தேன். மேலாளர் சிரித்தார். ஆளைக் கமெராவுக்குக் கிட்ட நிறுத்து, பின்னால் வருவது குட்டையாகிவிடும் என்றார். ஊரில் கல்யாண ஸ்டூடியோவில் குள்ளமான மாப்பிள்ளைகளின் காலடியில் பலகை வைத்தவன் நான். ஆனால் அது பெண் வீட்டாருக்கும் தெரிந்த விளையாட்டு.

மறுபடி போனபோது, தமிழ் முகத்தைக் கண்டு எதிர்வீட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு வந்தவர் ரத்தினம் அண்ணை. ஐந்தடி இருப்பார். அவரைக் கமெராவுக்குக் கிட்ட நிறுத்தி, நான் முழந்தாளிட்டு எடுத்தேன்; படத்தில் அவர் உயர்ந்து நின்றார்.

"தம்பி, இந்தக் கட்டடம் எங்கட வீட்டு வெளிச்சத்தை மறைக்காதுதானே?"

"இல்லை அண்ணை. அவ்வளவு உயரமில்லை."

தெரிந்துதான் சொன்னேன். அதை நம்பி அவர் ஆட்சேபனை எழுதவில்லை. அயலிலிருந்த தமிழ்க் குடும்பங்களையும் எழுதவேண்டாம் என்றாராம்.

போன மாதம் அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு மாடி ஏற்றுவதற்கான படத்துக்கு என்னை மீண்டும் அனுப்பினார்கள். அண்ணை கண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மத்தியானம் பன்னிரண்டு மணி. முன்னறையில் லைற் எரிந்தது. ஜன்னல் முழுக்க எதிர்ச் சுவர்.

"இந்தத் தம்பிதான் அந்தப் படத்திலை என்னை உயரமா எடுத்தவர்," என்று மனைவிக்குச் சொன்னார். அக்கா தேநீர் வைத்தார். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அண்ணை, நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும். தேத்தண்ணி ஆறுது, குடியும்."

அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. அந்நேரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் ஒரு தாளோடு வந்தார். புதிய மாடிகளுக்கு எதிராகத் தெருவே கையெழுத்திடுகிறதாம். நான் குடும்பத்தவனா என்று கேட்டார். வேலைக்கு வந்தவன் என்று ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணை, "யெஸ், ஃபாமிலி," என்றார்.

தாளில் என் பெயரை எழுதினேன். பெயருக்குப் பக்கத்துக் கட்டம் வீட்டு இலக்கத்துக்கு. அண்ணை தன் இலக்கத்தைச் சொன்னார். அந்த மாடிகளுக்காகக் கொண்டுவந்த கமெராப் பை தோளில் தொங்க, பேனையைப் பிடித்தபடி நின்றேன்.