வைகாசியில் திறந்து கிடந்த மடை

போன வருடம் வைகாசி முதல் வெள்ளிக்கிழமை, என் பெரியப்பா இருளப்பசாமி மகளைப் பார்க்க ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறினார். பைக்குள் இரண்டு வேட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம், மடைச் சாவி.

மடைச் சாவி என்பது முழங்கை நீள இரும்பு. அதை மாட்டித் திருகினால்தான் கண்மாய் மடையின் ஷட்டர் ஏறி இறங்கும். மகாராஜபுரத்துக்கு மேற்கே எங்கள் சின்னக் கண்மாய்க்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் நீர்பாய்ச்சி. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில். திருட்டுத்தனமாக மடை திறப்பார்கள் என்று சாவியை வீட்டில் வைக்கவே மாட்டார். கல்யாண வீட்டுக்கும் கூடவே போகும். மாசியில் கடைசித் தண்ணீரைத் திறந்துவிட்டவர், ஷட்டரை இறக்கவில்லை. வறண்ட கண்மாய்க்குக் கோடையில் யார் மடை அடைப்பார்கள்?

நான் நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை மதியமும் கரையில் நடந்துகொண்டிருந்தேன். மலை கறுத்தது. மூன்று மணி நேரம் கொட்டியது. ஐப்பசியிலும் அப்படிப் பார்த்ததில்லை. ஓடை செந்தண்ணீரோடு கண்மாயில் விழுந்தது. பெண்கள் கரையில் நின்று குலவையிட்டார்கள். நான் மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். வந்த தண்ணீர் மடை வழியாக எள்ளு வயல்களுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

“பெரியம்மா, சாவி எங்க?”

“அவியகூட ஆலங்குளத்துல இருக்கு!” முத்துப்பேச்சி பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஸ்பேனர் வைத்துத் திருகினார்கள்; வழுக்கியது. மணல் மூட்டைகளைத் தண்ணீர் இழுத்துப் போனது. பெரியப்பா போனில் கத்தினார்: “செத்த நேரம் தண்ணிய நிப்பாட்டித் தாக்காட்டுங்கலே, வாரேன்!”

பாலத்தின் மேல் தண்ணீர் போனதால் பஸ் ஓடவில்லை. மறுநாள் மதியம் முழங்கால் வரை சேற்றோடு நடந்து வந்து சேர்ந்தார். கண்மாயில் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அவர் ஷட்டரை இறக்கினார்.

“நல்லா இறுக்குங்கண்ணே, சேறாவது தங்கட்டும்” என்றார், எள்ளைப் பறிகொடுத்த ஐயாதுரை.

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியப்பா சாவியை ஐயாதுரை கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

ஆடிக்குள் கிணறுகள் வற்றி, குடிக்க லாரித் தண்ணீர் வந்தது. குடத்தோடு வரிசையில் நிற்கும் பெரியம்மாவிடம் ஆளாளுக்கு ஒரு சொல். பெரியப்பா கரைப் பக்கமே போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஆவணியில் நான் மறுபடி கிளம்பிவிட்டேன்.

இந்த வைகாசியில், அசாமில் ஒரு ரயிலுக்காகக் காத்திருந்தபோது, பெரியப்பா பேசி அனுப்பிய குரல்பதிவு போனில் வந்து கிடந்தது.

“ஏட்டி ஜெயசித்ரா, ஐயாதுரையே சாவியக் கொண்டாந்து குடுத்துட்டான். தண்ணி பங்குக்கு எல்லாரும் அவன்கூடச் சண்டையாம், ஏச்சு வாங்கி முடியலங்கான். இன்னொரு சாவி அடிச்சுக் கோயில்ல தொங்கவிட்டாச்சு. மடைய அடைச்சிட்டேன். மூணு நாளா மலை கறுத்துக் கெடக்கு, கரையிலதான் உக்காந்திருக்கேன். இன்னும் ஒரு சொட்டு விழல.”