உருட்டிய நார்

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், அவருடைய நாட்டுத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போனேன். காவலர் குழாய்க்குள் திருகுக் கம்பியை விட்டதும் கரிமருந்து நெடி வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது இண்டூரில், அம்மா இல்லாத வீடு. சாயங்காலம் கடலைக்காட்டுக் காவலுக்குக் கிளம்புமுன் அப்பா துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பார்; அதை அடைக்கத் தேங்காய் நாரை நான் இறுக்கமாக உருட்டித் தருவேன். ஈயக்குண்டு போடமாட்டார்.

"சத்தத்துக்கே மானு ஓடிரும் கண்ணு. அப்பன் காட்டுல இருக்கறதும் உனக்குத் தெரியும்ல. பயப்படாத."

கடலைக்காட்டிலிருந்து அந்த ஒரு வெடி கேட்ட பிறகுதான் நான் சோற்றில் கை வைப்பேன்.

காவலர் நாரை வெளியே இழுத்தார். "கெட்டிச்சு வெடிக்காமயே வச்சிருக்காருங்க."

நார் தளர்வாக இருந்தது. நான் கல்யாணமாகிப் போன பிறகு அவரே உருட்டியது. வெடித்தால் கேட்க வீட்டில் யாருமில்லை.