கேனுக்குள் இருந்த தகப்பன்மார்

போன கிழமை கல்முனைச் சந்தையில் ஒரு கெண்டை மீன் வாங்கினேன். வெட்டுகிற தம்பி வயிற்றைக் கீறியதும் பால்போல ஒன்று பலகையில் வழிந்தது. கத்தியால் அதைக் குப்பைக்குள் தள்ளினான். "ஐயோ, தள்ளாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"என்ன தாத்தா, இதையும் ஆக்கிற நீங்களா?" என்றான். (எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா. பயந்துவிடாதீர்கள், எனக்கு இன்னும் அவ்வளவு வயதாகவில்லை.)

படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலையே அந்த வெள்ளையைச் சேர்ப்பதுதான். இறக்காமத்துப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு மீன் பண்ணை. ஆண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி விந்தை எடுப்போம். உறைந்தாலும் கெடாதிருக்க ஒரு கரைசலைச் சேர்ப்போம். மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைதரசன் நிரம்பிய கேனுக்குள் இறக்குவோம். அந்தக் கடுங்குளிர் இருக்கும்வரை வருடக்கணக்காகக் கெடாமல் கிடக்கும்.

பின்னேர பஸ்ஸில் என் பக்கத்துச் சீட் எப்போதும் காலி. அவ்வளவு மீன் வாடை. பெண் பார்க்க வந்தவர்களிடம் உம்மா, "மகள் ஐஸ் சம்பந்தமா வேலை" என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் வந்து, "வாயத் தொறந்து ஒண்டும் கதைச்சிராத" என்று என்னைக் கிள்ளினார்.

என்னோடு வேலை செய்தவர் பாண்டிருப்புச் சிவமலர் அக்கா. மற்றப் பண்ணைகளில் நோய் வந்து மீன்கள் மிதந்தபோதும் எங்கள் குளத்து ஆண் கெண்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் வம்சம் அழிந்துவிடக்கூடாது என்று அக்காதான் பிடிவாதமாக உறைய வைத்தார்.

ஒரு காலையில் போய் இறங்கினால், குளத்து வரம்பு இருந்த இடத்தில் வரம்பு இல்லை. விடிய முன்னம் யானை மிதித்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் முழுக்க வயலுக்குள். நெற்பயிர் நடுவே ஆண் மீன்கள் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. "யா அல்லாஹ்" என்று அழத் தொடங்கினேன். சீமெந்துத் தொட்டியில் இருந்த பெண் மீன்கள் மட்டும் தப்பியிருந்தன.

அக்கா சேற்றோடு உள்ளே ஓடி கேனைத் திறந்தார். "இது இரிக்கி புள்ள. அழாத."

பெண் மீன்கள் முட்டைக்கு வந்த நாளில் ஒரு குழாயை இளஞ்சூட்டு நீரில் உருக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தோம். ஒன்றும் அசையவில்லை. அக்கா ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். நீர் பட்டால்தான் மீன் விந்து எழும்பும் என்று பரீட்சையில் எழுதிப் பாஸானவள் நான். அந்த நேரம் மறந்தே போனேன். சட்டென்று முழுவதும் கொதிக்கிறமாதிரித் துடித்தது. செத்துப் புதைத்த மீன்களின் உயிர்! "பாருங்கக்கா!" என்றேன். "ஓம், ஓம்" என்றாரே தவிர, கண்ணீர் மறைத்ததில் அவரால் பார்க்க முடியவில்லை.

இன்னும் சில குழாய்களை உருக்கி முட்டைகளோடு கலந்தோம். குஞ்சுகள் பொரித்தன.

பிறகு நான் கல்யாணம் முடித்து விலகினேன். அக்காவும் ஓய்வு பெற்றார். பண்ணை முதலாளி மௌத்தாகி, அடக்கமும் முடிந்தது. பண்ணையைப் பார்த்து வருவோம் என்று சென்ற வருடம் இருவரும் ஆட்டோவில் போனோம். குளங்களை மண் போட்டு நிரப்பி, வீட்டு வளவுகளாகக் கயிறு கட்டியிருந்தார்கள். மதிலோரம் எங்கள் கேன் மூடியில்லாமல் சரிந்து கிடந்தது. சுற்றிலும் மண்ணில் குழாய்கள், நீலமும் சிவப்புமாய்.

"இத ஆர் கொட்டின?" என்று அக்கா கேட்டார். காவலுக்கு இருந்த கிழவர் திகைத்துப்போனார். "ஏன் தங்கச்சி, அதுக்குள்ள என்ன இருந்த?"

அக்கா ஒரு குழாயை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அடியில் மஞ்சளாய் ஒரு கறை மட்டும் காய்ந்திருந்தது.