லண்டன் தங்கச்சி சொல்கிறாள்

அண்ணை கண்மூடி ஓராண்டு நிறைகிற இந்நாளில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும், மெல்பேர்ணில் இந்நினைவு மலரைக் கையில் எடுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது. அண்ணையின் பெருமைகளை மற்றவர்கள் முன்பக்கங்களில் நிறைவாக எழுதிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது என் பொறாமைதான். "அதை மலரில போடாதேங்கோ அம்மா" என்று மகன் சொன்னான். போடத்தான் போகிறேன். அண்ணைக்குப் பூசி மெழுகுவது பிடிக்காது.

அண்ணை அளவெட்டியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐந்து வருடம் கழித்து நான். வீட்டுக்கு வரும் பத்திரிகையை முதலில் ஐயா வாசிப்பார், அடுத்தது அண்ணை. இருவரும் அதை வைத்து மத்தியானம் வரை வாதாடுவார்கள். என் கைக்கு வருவதற்குள் அம்மா அதை விரித்து மிளகாய் காயப் போட்டிருப்பார். நானும் வாசிக்கத் தெரிந்தவள்தான் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. என் எரிச்சலுக்கு வயது அவ்வளவு.

போரால் நாட்டில் இருக்க முடியாத காலம் வந்தபோது, என்னை ஜேர்மனிக்கு அனுப்பிவைத்துவிட்டுத்தான் அண்ணை தனக்கு வழி பார்த்தார். வளைகுடாவில் வெயிலில் காய்ந்து, பிறகு ஆஸ்திரேலியா போய், பிஸ்கட் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்து, கடைசியில் மெல்பேர்ணில் டிராம் ஓட்டுநராக இருபத்தாறு வருடம் இருந்தார். ஒரு நாளும் பிந்திப் போனதில்லை. நான் ஜேர்மனியிலிருந்து லண்டன் வந்து, பாடசாலைச் சமையலறையில் பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டேன்.

அண்ணையைப் போல ஓர் ஆஸ்திரேலியரை ஆஸ்திரேலியாவிலும் காண முடியாது. மார்கழியில் நான் காரின் கண்ணாடியில் உறைபனி சுரண்டிக்கொண்டு நிற்க, தன் முற்றத்து வெயிலில் மாம்பழத்தை வைத்துப் படமெடுத்து அனுப்புவார். அங்கே வாக்களிக்காவிட்டால் தண்டம், வாக்களிக்கப் போனால் வாசலில் பாணுக்குள் இறைச்சிச் சொசேஜ் வைத்து விற்பார்களாம். சைவக்காரரான அண்ணை வெங்காயம் மட்டும் வைத்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சனநாயகம் எண்டால் இப்பிடி இருக்க வேணும்" என்பார். ஒரு நாட்டின் லட்சணம் அறிய அதன் பிரதமரைப் பார்க்கத் தேவையில்லை, பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்தால் போதும் என்பது அவருடைய முடிவான கருத்து. லண்டனுக்கு வந்து நின்ற கோடையில், அவர்கள் ஊர்த் தண்ணீர்க் கட்டுப்பாட்டை என் வீட்டிலும் அமுல்படுத்தினார். நான் குளிக்கப் போனால் வெளியே நின்று கதவில் தட்டுவார்: "நாலு நிமிசம் முடிஞ்சுது பிள்ளை!" வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் சின்னப் பொறாமை. பெரிய பொறாமை தொலைபேசியில் இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அண்ணை நாள் தவறாமல் எடுப்பார். அவருக்கு மாலைச் செய்தி முடிந்த கையோடு, எங்களுக்குக் காலை ஒன்பதரை. எடுப்பவள் நான். "சுகமோ பிள்ளை? பஸ் ஒழுங்கா வருதோ? டாக்டரைப் பார்த்தியோ? கடையில சாமான் கிடைக்குதோ?" இரண்டு நிமிடம். பிறகு, "மச்சான் நிக்கிறாரோ?" தொலைபேசி என் கணவர் கைக்குப் போகும். அதன்பின் ஒரு மணித்தியாலம் சீனா, அமெரிக்கா, பெற்றோல், நீர்மூழ்கிக் கப்பல். இவர் சோபாவில் சாய்ந்துகொண்டு, "அதுதான் மச்சான், அதுதான்" என்று சொல்வது சமையலறைக்குக் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை நான். உலகத்தைப் பற்றிப் பேச, வந்த வழியில் கிடைத்த மச்சானா?

ஒரு தடவை, ஐரோப்பாவில் போர் தொடங்கியிருந்த நேரம், மூன்று நாள் செய்தி பார்த்துத் துண்டில் குறிப்பெழுதி வைத்துக்கொண்டு ஆயத்தமாக நின்றேன். அண்ணை எடுத்ததும், "அண்ணை, ரஷ்யாக்காரன் இப்ப என்ன செய்யப்போறான் எண்டால்..." என்று தொடங்கினேன்.

"அதை விடு பிள்ளை. உங்கட கடையில எண்ணெய் கிடைக்குதோ?"

"ஆளுக்கு ரெண்டு போத்தலுக்கு மேல தரமாட்டாங்களாம்" என்றேன். அழுகை வந்தது. தொலைபேசியை இவரிடம் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

போன வருடம், பிள்ளைகளின் கையில் போன் இருக்கலாமா, தடை செய்ய வேண்டுமா என்று அங்கே பெரிய விவாதம். ஒரு வியாழக்கிழமை அண்ணை பஸ்ஸையும் கேட்கவில்லை, டாக்டரையும் கேட்கவில்லை. "பிள்ளை, நீ இதைப் பற்றி என்ன நினைக்கிறாய்?" என்றார். வாழ்நாளில் முதல் தடவை. அந்தக் கேள்விக்காகத்தான் நான் அறுபது வருடம் காத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"எனக்கென்ன தெரியும்? உங்கட மச்சானிட்டையே கேளுங்கோ."

தொலைபேசியை இவர் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை மணி அடித்தபோது இவரையே எடுக்கவிட்டேன். சனிக்கிழமை அண்ணைக்கு மாரடைப்பு. வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முழங்கால் சத்திரசிகிச்சை செய்து ஒரு மாதம்கூட ஆகாததால் என்னால் விமானம் ஏற ஏலவில்லை. இறுதிக் கிரியையை ஐபாட்டில் பார்த்தேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு என் மருமகள், அண்ணையின் மகள், எடுத்தாள். "மாமி, அப்பான்ர கம்ப்யூட்டரில ஒரு ஃபைல் கிடக்குது. உங்களுக்கு முதலே தெரியுமோ தெரியாது."

அவர்கள் பகுதியில் வீடுகளுக்கு இலவசமாக வரும் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அண்ணை ஆசிரியருக்குக் கடிதம் எழுதி வந்திருக்கிறார். ஒன்றிரண்டல்ல, ஒரு கட்டு. மருமகள் அனுப்ப, மகன் அச்செடுத்துத் தந்தான். மேசையில் வைத்துக் கண்ணாடியைப் போட்டேன். ஆங்கிலத்தில் அண்ணை எழுதியதைத் தமிழில் தருகிறேன். "லண்டனில் இருக்கும் என் தங்கச்சி சொல்கிறாள், டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசையில் நிற்க வேண்டுமாம். முறை வருவதற்குள் காய்ச்சல் மாறிவிடுகிறதாம்." இன்னொன்று: "போர் எங்கே நடக்கிறது என்று வல்லுநர்கள் வரைபடத்தில் காட்டுகிறார்கள். என் தங்கச்சிக்கு அது எண்ணெய்ப் போத்தலில் தெரிகிறது. நான் அவளைத்தான் நம்புகிறேன்." பக்கத்துக்குப் பக்கம் என் தங்கச்சி, என் தங்கச்சி. நான் அலுத்துக்கொண்டு சொன்ன ஒவ்வொரு பதிலும் அங்கே உலக விவகாரமாக அச்சேறியிருந்தது.

இவர் முழுக் கட்டையும் வாங்கி இரண்டு தடவை புரட்டினார். "இவ்வளவு வருசம் கதைச்சனே. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லையோ?" என்றார். அன்று தோசை இரண்டோடு எழும்பிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோசம் என்று எழுதவும் வெட்கமில்லை.

சந்தோசம் அன்று மாலைவரைதான். மருமகள் சொன்னாள்: "செத்தவீட்டில அந்தப் பேப்பர் வாசிக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து, லண்டன் தங்கச்சி எது எண்டு தேடினவ மாமி." முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு அண்ணை என்னை எப்படி மதித்தார் என்று வருடக்கணக்காகத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா மேல் எனக்கு இன்றும் பொறாமை.

கட்டின் கடைசியில் அனுப்பாத கடிதம் ஒன்று இருந்தது. பிள்ளைகளும் போனும் பற்றியது. இரு பக்க நியாயத்தையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் இப்படி விட்டிருந்தார்: "லண்டன் பாடசாலையில் பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட என் தங்கச்சி சொல்கிறாள்". அதற்குக் கீழே வெறும் தாள். அந்த வியாழன் இரவு தன் மகளிடம், "அவ கோவமா இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கேட்பம்" என்றாராம்.

அண்ணையைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் மருமகளுக்கும், அவசர ஊர்தியில் கூட இருந்தவர்களுக்கும், அவருடைய பழைய டிராம் தோழர்களுக்கும், கடிதங்களை வெட்டாமல் கொத்தாமல் போட்ட ஆசிரியருக்கும், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் எங்களோடு நின்று அர்ச்சனை செய்தவர்களுக்கும், இன்று எங்களோடு பந்தியில் அமர்கிற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. என்னைத் தேடிய அந்த மெல்பேர்ண் அம்மாவுக்கும்தான்.

அண்ணை, அந்த வரியை இப்போது முடித்துவிடுங்கள். லண்டன் தங்கச்சி சொல்கிறாள்: போனைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கிறதுக்கு முதல் மச்சான்மாரிடமிருந்து பறிக்க வேணும். தங்கச்சிமாருக்கும் ஐந்து நிமிசம் கிடைக்கும்.