பெட்டிக்காரரின் விசிட்டிங் கார்டு

என் வேலையில் பாதி பகல் கனவு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இன்னும் அச்சாகாத அந்தக் கார்டின் பின்னால் மனம் போய்விடும். தஞ்சாவூரில் என் கடையை விட்டு இறங்கி அது எந்த பஸ்ஸில் ஏறும், யாருடைய சட்டைப் பையில் வியர்வையில் ஊறும், எந்த ஊரில் எந்த வீட்டில் போய்த் தங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் பக்கத்து வீடுகளில் விசிட்டிங் கார்டுகள் தங்கும் இடங்கள் எனக்கு அத்துப்படி. டியூப்லைட் பட்டைக்கும் சுவருக்கும் நடுவில், கேஸ் புத்தகத்துக்குள், காலண்டர் அட்டையின் பின்னால், டிராக்டர் சீட்டுக்கு அடியில். அப்படி ஓரிடத்தில் போய் உட்காராத கார்டு வெறும் காகிதம்தான்.

எதிரில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. "மேடம், லோகோவை இன்னும் கொஞ்சம் பெருசா" என்பார். லோகோ பெரிதாக வேண்டாம் என்று சொன்ன மனிதரை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. கூத்தாநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார், இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். கார்டைக் கையில் எடுத்தால் அத்தர் வாசனை வர வேண்டும் என்றார். செய்துகொடுத்தேன். ஒரு வாரம் என் கடை கல்யாண வீடு மாதிரி மணந்தது.

பெட்டிக்காரர் வந்தது ஒரு வைகாசி மத்தியானம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வந்திருக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். சலவைச் சட்டை, கையில் மடித்த துண்டு. நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே பேசினார். இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு விடுகிறவர். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் குத்தாலத்தில் இருக்கிறார். எனக்கும் அதுதான் சொந்த ஊர். அங்கே அம்மா தனியாக இருக்கிறாள். அவரிடம் அதைச் சொல்லவில்லை. ஊர்க்காரி என்று தெரிந்தால் ரேட்டைக் குறைக்கச் சொல்வார்கள்.

"வீட்டுக்கு வீடு என் நம்பர் இருக்கணுங்க" என்றார். "போன சித்திரையில ஒரு வீடு. பையன் மஸ்கட்டுலேர்ந்து வந்து சேர ரெண்டு நாள். வெயிலு தெரியும்ல. பெட்டிக்கு யாரைக் கூப்பிடறதுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. என்னைத் தேடிப் பிடிச்சு நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு பகல் போயிட்டுது. அவன் வந்தப்ப துணிய விலக்க வேணாம்னுட்டாங்க. அப்பா மூஞ்சியப் பாக்கலீங்க அவன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்."

ஒரு கார்டு சரியான இடத்தில் இருந்திருந்தால் அவன் பார்த்திருப்பான். என்னிடம் வந்த வேலைகளில் இப்படியொரு காரணத்தோடு வந்தது அது ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அவசரம். சட்டென்று மனதில் தோன்றியதைப் போட்டுக் கொடுத்தேன்: கறுப்பு ஓரம், நடுவில் வெள்ளைத் தாமரை, கீழே ஒரு குத்துவிளக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கார்டுக் கட்டோடு திரும்பி வந்தார். யாரும் விரும்பி வாங்கவில்லை. மளிகைக் கடைக்காரர் இரண்டு விரலால் எடுத்துத் தண்ணீர் கேனுக்கு அடியில் தள்ளினார். ஒரு வீட்டம்மா "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதைக் கொண்டாந்து நீட்டுறியே" என்று கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் அவர் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். தெருவில் வீசியெறிந்து கிடந்தவற்றைப் பொறுக்கி, துடைத்து, சுருக்கத்தை நீவிக் கொண்டுவந்திருந்தார். அவற்றை என் மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். அவருக்கு என்மேல் கோபமில்லை. எனக்குத்தான் என்மேல் கோபம் வந்தது. நான் போட்ட கார்டை யாரும் இப்படித் தூக்கி எறிந்ததில்லை என்ற திமிர் வேறு.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் கனவுக்குள் போனேன். வாய்க்கால் தண்ணீர் மெதுவாக மடைக்கு மடை திரும்புவதுபோல அந்தக் கார்டு தெருத் தெருவாகப் போவதைப் பார்த்தேன். வயல்களுக்கு நடுவே கிடக்கும் ஊர்கள். ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய மாடி வீடுகள், மாடி முழுக்கப் பூட்டிய அறைகள். கீழே டிவி ஓடும். டிவிக்கு எதிரில் வயதான இரண்டு பேர், சில வீடுகளில் ஒருவர். பிள்ளைகள் சிங்கப்பூரில், சென்னையில், பெங்களூரில். இந்த வீட்டுக்குள் எது நுழையலாம்? சாவு நுழையக் கூடாது. பிள்ளைகளைப் பற்றிய பேச்சு நுழையலாம். அதற்கு எந்தக் கிழமையும் தடையில்லை.

கறுப்பை எடுத்தேன். தாமரையையும் விளக்கையும் எடுத்தேன். நாற்றங்காலின் இளம்பச்சை நிறத்தை முழுக்கப் பூசினேன். மூலைகளை வளைத்தேன். "பேரு வேணாங்க, பேரைப் பாத்தா மூஞ்சி ஞாபகம் வரும், பயப்படுவாங்க" என்றார். அதையும் எடுத்தேன். மிஞ்சியது ஒரு வரி: 'தூரத்துப் பிள்ளைகள் வந்து சேரும் வரை.' அதன் கீழே, கார்டின் பாதி அளவுக்கு, போன் நம்பர். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க முடியாத நேரத்தில் படிக்கப்போகிறவர்கள் அல்லவா.

"எதுக்குன்னு போடலியே?"

"கையில கொடுக்கும்போது நீங்களே சொல்லிடுங்க. சொன்னது காத்தோட போயிடும். கார்டுல இருக்கிறது மட்டும் வீட்டுல தங்கும்."

அவர் அந்த வரியை உதடு அசையப் படித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நாளைக்கப்புறம் என் வேலை எனக்கே பிடித்திருந்தது.

தண்ணீர் வந்து, குறுவை நட்டு, வயலெல்லாம் அந்தக் கார்டின் நிறத்துக்கு வந்தன. அறுவடை மிஷின்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் புரட்டாசியில் அவர் மறுபடி வந்தார். கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். கார்டு தீர்ந்துவிட்டது, இன்னொரு ஆயிரம் வேண்டும். "ஒரு வீட்ல சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்காங்கங்க" என்று சிரித்தார். நான் பழைய ஃபைலைத் திறந்து தேட ஆரம்பித்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"போன வாரம் ஒரு அம்மா போன் பண்ணாங்க. பெட்டி வேணும்னாங்க. யாருக்கும்மான்னேன். 'எனக்குத்தான். இப்ப இல்ல, பயப்படாதீங்க'ன்னாங்க. கண்ணாடி போடாமலே நம்பரைப் படிச்சாங்களாம். வீட்டுல பிளக்கு சரியா இருக்கான்னு வந்து பாத்துட்டுப் போங்கன்னாங்க. நம்மூருதானே, போனேன். கூடத்துல அளந்து பாத்தேன், இடம் இருக்கு. மோர் கொடுத்தாங்க. எத்தனை நாள் தாங்கும்னு கேட்டாங்க. பிள்ளைங்க எந்த நாட்டுலம்மான்னேன். ஒரே பொண்ணு, தஞ்சாவூருன்னாங்க."

என் கை மவுஸ் மேலேயே இருந்தது.

"எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. தஞ்சாவூருன்னா பெட்டியே வேணாமேம்மா, ஒன்றரை மணி நேரத்துல வந்துடுவாங்களேன்னேன். 'இல்லீங்க, அவளுக்கு வேலை ஜாஸ்தி. பொங்கலுக்கு வந்தா. நீங்க ரெண்டு நாளைக்குத் தாங்குற மாதிரியே வச்சிடுங்க'ன்னாங்க."

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'போயிட்டு வரேன்' என்று சொல்ல மாட்டார். அவரை யாரும் 'வாங்க' என்று சொல்லி அனுப்பவும் மாட்டார்கள். பெட்டிக்காரருக்குப் போகும் வீடெல்லாம் சாவு வீடு. "அந்தம்மா வாசல் வரைக்கும் வந்து 'போயிட்டு வாங்க'ன்னாங்கங்க. இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து எனக்கு யாரும் அதைச் சொன்னதில்ல" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"வீடு எங்க?" என்றேன்.

"ஸ்டேஷனுக்குப் பின்னாடி தெரு. வாசல்ல பவழமல்லி."

அந்தப் பவழமல்லியை நட்டது நான்தான். வாரம் தவறாமல் போனில் 'அடுத்த வாரம் வரேம்மா' என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவும் 'சரி' என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூடக் குறைப்பட்டதில்லை. நான் எத்தனை நேரத்தில் வந்து சேருவேன் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தகுந்தாற்போல் ஏற்பாடு செய்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரார் பிள்ளைகளுக்காக உருகி உருகி ஒரு வரி எழுதியவள் நான்.

"அந்தப் பொண்ணு நம்பரைக் கேட்டேங்க" என்றார் அவர். "வேலை நேரத்துல தொந்தரவு பண்ண வேணாம்னு கொடுக்கல. கெடைச்சிருந்தா நாலு வார்த்தை நல்லாக் கேட்டிருப்பேன்."

"அந்த நம்பர் உங்ககிட்ட இருக்குங்க" என்றேன். "கார்டு விஷயமா எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையில் திறந்திருந்த பச்சைக் கார்டைப் பார்த்தார். கேட்க நினைத்த நாலு வார்த்தையில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மணிக்கு மயிலாடுதுறை பாசஞ்சர் இருக்குங்க, குத்தாலத்துல நிக்கும்" என்றார்.