திரிப்பெட்டிகளை எதில் அனுப்புவது

இதை எழுதாமலே விட்டிருப்பேன். இருபத்திரண்டு அட்டைப்பெட்டியை எதில் ஏற்றி அனுப்பினேன் என்பதை உட்கார்ந்து எழுத வேண்டுமா என்று இரண்டு தடவை நோட்டை மூடி வைத்தேன். மூன்றாவது தடவை மழை. கடைக்குப் போக முடியவில்லை. வேறு வேலையும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அக்காவுக்குக் கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு கிராமம். நாலு மாங்காய் சீசன் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்தாள். அங்கே தரை எந்நேரமும் ஈரம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதில் நிற்க வேண்டும். சீசன் முடியும்போது கால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெந்துபோயிருக்கும். மாங்காய்ப் பால் பட்டுக் கையில் தோல் உரியும். "காலை வித்துட்டு வந்துட்டியா அக்கா?" என்று கிண்டல் செய்வேன். அவள் சிரிப்பாள். பிறகு நடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள்.

போன வருஷம் ஃபேக்டரியை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு விளக்குத்திரி செய்ய ஆரம்பித்தாள். சும்மா திரி இல்லை, முன்னூற்று அறுபத்தைந்து திரிக் கட்டு. எங்கள் பக்கம் தமிழ் வீடுகளும் தெலுங்குக் கார்த்தீக மாசத்தைப் பிடித்துக்கொண்டவைதான். தீபாவளிக்கு மறுநாள் ஆரம்பிக்கும். அந்த மாசத்துப் பௌர்ணமி அன்று நாளுக்கு ஒன்று வீதம் முன்னூற்று அறுபத்தைந்து திரியையும் ஒரே கட்டாக நெய்யில் நனைத்து ஏற்றுவார்கள். வருஷம் பூராவும் விளக்கேற்றாமல் ஏய்த்தவர்களுக்கு ஒரே நாளில் மன்னிப்பு. என்னைப் போன்ற ஆளை மனதில் வைத்துத்தான் யாரோ இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரு கட்டைக் கையில் எடுத்து எண்ணுவதுபோல நடித்து, "இதுல ஒண்ணு கம்மியா கீது அக்கா" என்றேன். அவள் பாவம், கட்டைப் பிரித்து முழுசாக எண்ணினாள். சரியாக இருந்தது. பஞ்சு மூட்டையாலேயே என்னை அடித்தாள். பஞ்சு என்பதால் பிழைத்தேன்.

நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் படிக்க வராது, ஆனால் போனில் எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று தெரியும். அந்தத் தைரியத்தில் அக்காவின் திரிக் கட்டை ஒரு பெரிய ஆன்லைன் கம்பெனியில் விற்பனைக்குப் போட்டேன். அவர்கள் வழக்கம் என்னவென்றால், சரக்கு முன்னாடியே அவர்கள் கிடங்குக்குப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். வாங்குகிறவர் அமுக்கியதும் அங்கிருந்து அவர்களே அனுப்புவார்கள். எங்களுக்குக் கொடுத்த கிடங்கு திருவள்ளூர் பக்கம். தீபாவளிக்கு முன்னால் பெட்டிகள் அங்கே போய்ச் சேராவிட்டால் பௌர்ணமிக்குள் விற்காது. பௌர்ணமி போனால் அடுத்த கார்த்தீகம் வரை அது வெறும் பஞ்சு.

அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, டிராக்டர் ஓட்டுகிறவர். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நான் வேணாங்கல மச்சான். இந்தக் கார்த்தீகத்துல ஓடுச்சின்னா செய்யட்டும். ஓடலன்னா மாங்கா சீசனுக்கு ஃபேக்டரிக்கே போவட்டும். ரெண்டு புள்ளைங்க கீதுங்க இல்ல?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அக்கா காலுக்குச் சித்தூரிலிருந்து களிம்பு வாங்கி வந்து தடவிவிடுகிறவரும் அவர்தான்.

போனில் பெட்டிகளைப் பதிவு செய்தபோது அது ஒரு கேள்வி கேட்டது. சரக்கை எதில் அனுப்புகிறீர்கள்? கம்பெனி வண்டியே வந்து எடுத்துக்கொள்ளலாம். வேறு லாரியிலோ பஸ்ஸிலோ போட்டுவிடலாம். இல்லை, நாமே கொண்டுபோய் இறக்கலாம். எனக்கு முதல் வழி ரொம்பப் பிடித்திருந்தது. நான் எழுந்திருக்கவே வேண்டாம்.

ஆனால் அக்கா ஊர் பின்கோடைப் போட்டால் வண்டி வராது என்றது. பெட்டிகளைத் திருப்பதிக்குக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வார்களாம். உதவி நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"அஞ்சுல இருந்து ஒம்பது வேலை நாள் ஆகும் சார்."

"நடுவுல தீபாவளி வர்து மேடம்."

"ஆமா சார். தீபாவளி வாழ்த்துகள் சார்."

அடுத்து சித்தூர் பார்சல் லாரி ஆபீசுக்குப் போனேன். அங்கே மேஜையில் இருந்தவர் பாதி தமிழ், பாதி தெலுங்கு.

"கேட் தாக்கா போவும் தம்பி. தர்வாத்த மா பாத்யத லேது." கேட்டுக்கு அப்புறம் அவர்கள் பொறுப்பில்லையாம்.

"சொன்ன டைமுக்கு உள்ள எறக்கணும் அண்ணா. ஒரு மணி நேரந்தான் குடுப்பாங்க."

"டைமா? என் டிரைவர் கையில வாட்சே லேது."

பஸ் பார்சல் கவுண்டரில் அன்றைக்கே போய்விடும் என்றார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரைதான். அங்கிருந்து கிடங்குக்கு யார் எடுத்துப் போவது என்று கேட்டேன். கவுண்டர்காரர் என்னையே பார்த்தார்.

கடைசியில் என் நண்பன். திருப்பதியில் லாட்ஜுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி, பழசு, ஒன்று வைத்திருக்கிறான். அது வருகிற சத்தம் கேட்டாலே லாட்ஜில் தூங்குகிறவர்கள் எழுந்து குளித்துவிடுவார்கள்.

"ஒரு நாள் கேன் போடாம வரேன்டா. அக்கா சரக்கு தானே," என்றான்.

"உன் வண்டிய தள்றதுக்கு நாலு பேர தனியா ஏத்திக்கினு போவணும்."

"எதுக்கு நாலு பேரு? உன் வாய வெச்சி ஊதினாலே போவும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஓட்டு பார்சல் லாரிக்குத்தான் என்றேன். லாரியில் மேலே மூடி இருக்கிறது, நனையாது என்றெல்லாம் காரணம் சொன்னேன். நிஜமான காரணம், நண்பனோடு போனால் நானும் போக வேண்டும், கடைக்கு லீவு போட வேண்டும், பெட்டி தூக்க வேண்டும்.

அக்கா திரி உருட்டிக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை.

"அங்க போய் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா, யாருடா பேசுவாங்க?"

"அவங்க இன்னாத்துக்கு வாங்க மாட்டேன்னு சொல்லப் போறாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? பொட்டி பேசுமா? லாரிக்காரன் பேசுவானா?"

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மச்சான் போவட்டும். சும்மா கீற ஊட்லயே அவ்ளோ பேசறான்," என்றார். அதோடு முடிந்தது. போனில் மூன்றாவது வழியை அமுக்கினேன். வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று என்று நேரம் வந்தது. அதைவிட்டால் தீபாவளிக்கு முன்னால் வேறு நேரமே இல்லை.

வியாழன் விடியற்காலை வண்டி வந்தது. பெட்டிகளின்மேல் ஒட்ட வேண்டிய லேபிளை நான் முந்தின நாளே ஒட்டியிருந்தேன். வெள்ளைத் தாள், நடுவில் கறுப்புக் கோடுகள். அதை மெஷினில் காட்டினால்தான் பெட்டி யாருடையது என்று கிடங்குக்குத் தெரியும். முதல் லோடு அல்லவா, அக்கா குளித்துவிட்டு மஞ்சளும் குங்குமமும் குழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைத்தாள். பழுப்பு அட்டையில் வைத்தால் எடுப்பாகத் தெரியவில்லை. வெள்ளையில் வைத்தால் பளிச்சென்று இருந்தது. அதனால் லேபிளிலேயே, கறுப்புக் கோட்டின் நடுவிலேயே, விரல் அகலத்துக்கு வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், எல்லாம் தெரிந்த புத்திசாலி, "டிரைவர் மூஞ்சிக்கும் ரெண்டு வெய்யி அக்கா, கொஞ்சம் பாக்கற மாதிரி ஆவட்டும்," என்றேன். அவனுக்கும் வைத்தாள்.

புத்தூர் தாண்டும்போது மழை பிடித்தது. தார்ப்பாயை இரண்டு சுற்று கட்டியிருந்தோம். நகரியில் நிறுத்தி உள்ளே கை விட்டுப் பார்த்தேன். ஒரு பெட்டிகூட நனையவில்லை. திருத்தணி தாண்டி நாஷ்டா தின்றுவிட்டு, பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிடங்கு கேட்டில் நின்றோம். ஏதோ பெரிய வேலை முடித்துவிட்ட மாதிரி நான் தலையைக் கோதிக்கொண்டேன்.

உள்ளே இறக்கும் மேடையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் கையில் மெஷினோடு வந்தாள். முதல் பெட்டிக்கு நேராகக் காட்டினாள். சத்தம் வரவில்லை. இரண்டாவதுக்கும் வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, கோயிலுக்கு வந்துட்டீங்களா?"

துடைத்துப் பார்த்தேன். குங்குமம் கோடு முழுக்கப் பரவியது. மஞ்சள் தாளுக்குள்ளேயே இறங்கியிருந்தது. சூப்பர்வைசர் வந்தார். கோபக்காரர் இல்லை, களைத்துப்போன மனுஷன்.

"லேபிள் படிக்கல தம்பி. திருப்பி எடுத்துக்கினு போங்க. வேற டைம் போட்டு வாங்க."

போனில் தட்டிப் பார்த்தேன். அடுத்த நேரம் தீபாவளி கழித்து ஐந்தாம் நாள். அதற்கப்புறம் பெட்டியைப் பிரித்து அடுக்கி விற்பனைக்கு வரவே நாலைந்து நாள் ஆகும். பிறகு எப்போது ஒருத்தர் வாங்கி, எப்போது பௌர்ணமிக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும்?

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பேன். அன்று ஒன்றும் வரவில்லை. அக்கா ஈரத் தரையில் நிற்பதுதான் கண்ணில் நின்றது.

"எங்க அக்கா வெச்சது சார். மொத லோடு. அது போலன்னா அவ மறுபடி ஃபேக்டரிக்குப் போவணும் சார்," என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணுக்குள்ள மெஷின் படிச்சா நான் வாங்கிக்கிறேன். ஆனா மேடைல வண்டி நிக்கக் கூடாது. பின்னால ஆளு வெயிட்டிங்."

வெளியே போனால் கேட்டில் மறுபடி வரிசை. பதினொன்றுக்குள் திரும்ப வர முடியாது. நான் நண்பனைப் பார்த்தேன். அவன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினான். கர்ர்ர் என்று இழுத்து நின்றது. மறுபடி திருகினான். மறுபடி நின்றது. இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"ஸ்டார்ட் ஆவல சார். மழை தண்ணி போயிருக்கும்."

எனக்கே நிஜமா என்று சந்தேகம். பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓடுடா, இன்னா பாத்துக்கினு கீற," என்றான்.

ஓடினேன். ஹைவேயில் ஒரு ஜெராக்ஸ் கடை இருப்பதை வரும்போது பார்த்திருந்தேன். லேபிள்கள் போனில் இருந்தன. அங்கே ஒட்டுத்தாள் இல்லை, வெறும் தாள்தான். பரவாயில்லை என்று இருபத்திரண்டும் எடுத்து, அகல டேப் ஒன்றும் வாங்கி, சட்டைக்குள் போட்டுக்கொண்டு மழையில் திரும்ப ஓடினேன். உள்ளே வந்தபோது பத்தே முக்கால். என் நண்பன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற லாரிக்காரர் அவனுக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் குந்தி ஒட்டினோம். அந்த ஆரஞ்சுச் சட்டைப் பெண் மெஷினை இடுப்பில் செருகிவிட்டு, டேப்பைப் பல்லால் கடித்துக் கொடுத்தாள். ஒட்டி முடித்த பெட்டியை அவளே எடுத்துக் காட்டினாள். பீப் என்றது. அந்தச் சத்தம் இருபத்திரண்டு தடவை கேட்டது. கடைசிச் சத்தத்துக்கு இரண்டு நிமிஷம் கழித்து மணி பதினொன்று. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. சூப்பர்வைசர் அதைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டார்.

பார்சல் லாரியில் போட்டிருந்தால் அந்நேரம் பெட்டிகள் கேட்டுக்கு வெளியே மழையில் கிடந்திருக்கும். நான் திருப்பதியில் யாருக்கோ போன் கவர் காட்டிக்கொண்டு, எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று பல் இளித்துக்கொண்டிருந்திருப்பேன்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வாங்கிக்கினாங்களா?"

"எல்லாம் வாங்கிக்கினாங்க. உன் குங்குமத்தப் பாத்துட்டு உட மாட்டேன்னுட்டாங்க."

"நான் சொன்னேன் இல்ல? மொத லோடுக்கு வெக்கணும்னு," என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். நடந்ததைச் சொல்ல மனசு வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. லேபிளை இனி வண்டி கிளம்பும்போது நானே ஒட்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் போனில் பார்த்தபோது இருப்பு ஒன்றுமில்லை, எல்லாம் விற்றுவிட்டது என்று காட்டியது. மாங்காய் சீசனுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி தை மாசமே வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அக்கா பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. மாமா டிராக்டர் சக்கரத்தைக் கழுவிக்கொண்டே, "அவ வர மாட்டா மேஸ்திரி. வேற ஆள பாருங்க," என்றார். அக்கா அப்போதும் நிமிரவில்லை. ஆனால் பிரித்து வைத்த பஞ்சையே எடுத்து மறுபடி பிரித்தாள்.

இப்போது சிவராத்திரிக்கு அடுத்த லோடு தயாராகிக்கொண்டிருக்கிறது. சிவராத்திரிக்கும் இந்தக் கட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. காளஹஸ்தி பக்கத்து ஆட்களே நிறைய வாங்குவார்கள் என்று நினைக்கிறோம். போன் மறுபடி அதே கேள்வி கேட்டது, எதில் அனுப்புகிறீர்கள் என்று. நண்பனுக்கு மெசேஜ் போட்டேன்: "லாரி, பஸ்சு, கம்பெனி வண்டி எல்லாரும் என்ன கூப்ட்டுக்கினு கீறாங்க. பாவம்னு உன் டப்பாவையும் கேக்கறேன். வருமா?"

"வரும், ஆனா இந்தவாட்டி நீ பின்னால பொட்டிங்களோட ஒக்காந்துக்கினு வா."